முதல் ரிப்போட்டில் கேராஸ் இல்லை, இப்போது இருக்கிறதாம். எது பொய்?

அக்கரைப்பற்றான் | 2025 மார்ச் 6, இரவு 10.40

உம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், ஈரலுக்கும் பரவியிருக்கு. போன வருடம் கட்டியைச் சோதித்து "கேராஸ் விகாரம் இல்லை", அதாவது அந்த மரபணுவில் பழுது இல்லை என்று தாள் தந்தார்கள். அதை வைத்துத்தான் கீமோவோடு செடுக்சிமாப் என்ற மருந்தும் சேர்த்து ஏற்றினார்கள். முகமெல்லாம் பரு போட்டது, ஆனால் ஏழு மாதம் நல்லா இருந்தா, ஸ்கேனில் ஈரல் பொட்டுகள் சுருங்கியிருந்தன. இப்போது மறுபடி வளருது. இரத்தத்தில் பார்த்தால் கேராஸ் இருக்காம். முதல் ரிப்போட்டே பிழை, காசு பிடுங்கத்தான் அப்படித் தந்தார்கள் என்கிறார் மாமா. மருந்து உடம்புக்குப் பழகிப்போச்சு என்கிறார் சாச்சா. நோன்பு திறந்துவிட்டு இருந்தால் இந்தச் சண்டைதான் வீட்டில். எது சரி?

மெழுகுக்கட்டி | மார்ச் 7, காலை

இரண்டும் சரியில்லை, தம்பி. நான் டொக்டர் இல்லை. மட்டக்களப்பில் இழைய ஆய்வுகூடத்தில் பத்தொன்பது வருடமாக, நோயாளியிடம் அறுத்த துண்டு பதித்த மெழுகுக்கட்டி வெட்டுகிறவன். உம்மாவுக்கு அடுத்து என்ன மருந்து என்பதை அவவின் புற்றுநோய் வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் எது பொய் என்ற கேள்விக்கு என்னாலும் பதில் சொல்ல முடியும்.

உடம்பு மருந்துக்குப் பழகவில்லை. கட்டிதான் ஆள் மாறியிருக்கிறது. கட்டி என்பது ஒரே அச்சில் வார்த்த கோடிக்கணக்கான கலங்கள் இல்லை. அதற்குள் கேராஸ் விகாரம் உள்ள கலங்கள் லட்சத்தில் ஒன்றோ பத்தோ முதலே ஒளிந்திருக்கலாம். போன வருடம் சோதித்தபோது அவை எண்ணிக்கையில் ஒன்றுமில்லை. செடுக்சிமாப் மற்றவற்றை அழிக்க அழிக்க, அது தொடாத இந்தக் கூட்டத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. நெல்லுக்குள் பண்டிநெல் என்ற களை மாதிரி என்று வையுங்கள். ஒரே களைநாசினியை வருடா வருடம் அடித்தால் மற்றக் களையெல்லாம் செத்து, அந்த மருந்துக்கு அசையாத களை மட்டும் வயல் வட்டை முழுக்க நிற்கும். களை மருந்துக்குப் பழகிவிட்டது என்றுதான் நாம் சொல்லுவோம். உண்மையில் பழகாதது செத்துப்போய்விட்டது, அவ்வளவுதான்.

இது என் கற்பனை இல்லை. 2012இல் 'நேச்சர்' இதழில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வந்தன. ஒன்றில், கேராஸ் விகாரம் இல்லாதவர்கள் என்று எடுத்து செடுக்சிமாபின் கூடப்பிறப்பான பனிடுமுமாப் ஏற்றிய 24 பேரில் 9 பேரின் இரத்தத்தில் கேராஸ் விகாரம் தலைகாட்டியது, பெரும்பாலும் 5, 6 மாதத்தில். கணக்குப் போட்டுப் பார்த்தபோது, மருந்து தொடங்கும் முன்பே அந்தக் கலங்கள் இருந்திருக்க வேண்டும் என்று வந்தது. உம்மாவின் ஏழு மாதத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

முதல் ரிப்போட் பிழையே இல்லை. மாமாவிடம் சொல்லுங்கள்.

மெழுகுக்கட்டி | மார்ச் 7, இரவு

கேராஸ் என்றால் என்ன என்று உள்பெட்டியில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

12ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிற ஒரு மரபணு. (ஏ.எல் புத்தகத்தில் பரம்பரையலகு என்று படித்தோம், அந்தச் சொல் எங்கே போச்சோ.) அது செய்கிற புரதம் கலத்துக்குள் ஒரு சுவிட்ச். கலத்தின் வெளிச்சுவரில் ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற வாங்கி நிற்கிறது. வெளியிலிருந்து "வளரு" என்ற செய்தி அதில் வந்து பட்டதும் உள்ளே கேராஸ் சுவிட்ச் விழும், அது அடுத்தவரைத் தட்டும், அவர் அடுத்தவரை, கடைசியில் கலத்தின் கரு வரைக்கும் போய்க் கலம் பிரியும். வேலை முடிந்ததும் கேராஸ் தன்னைத்தானே அணைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் புரதத்தில் 12ஆவது இடத்தில் இருக்கிற கிளைசீன் என்ற மிகச் சின்ன அமினோ அமிலம் போய் வேறொன்று வந்து குந்தினால் சுவிட்ச் அணையாது. பெருங்குடல் புற்றுநோயில் நூற்றுக்கு நாற்பது அளவில் இந்த மரபணு பழுதாகியிருக்கும்.

செடுக்சிமாப் என்பது வெளிச்சுவரில் இருக்கிற வாங்கியை மூடுகிற பிறபொருளெதிரி. குளத்துத் துருசை (மடைக்கதவை) மேலே பூட்டுகிறோம், கீழே வாய்க்கால் கட்டு உடைந்து கிடக்கிறது. பூட்டி என்ன பலன்?

மெழுகுக்கட்டி | மார்ச் 8

சம்மாந்துறையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "அண்ணன் வயல் செய்ததில்லை போல. துருசைப் பூட்டினால் கட்டு உடைந்திருந்தாலும் தண்ணி வராதுதானே."

ஒத்துக்கொள்கிறேன். அசிங்கமான பிழை, அதுவும் வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானை ஒருவரின் பெறாமகன் செய்யக்கூடாத பிழை. சரியான உவமை என் பெரியப்பா சொன்னதுதான், அதை நான் திருடி எழுதும்போது பாதியில் மறந்துவிட்டேன். அவர் கதையையே சொல்கிறேன்.

வெல்லாவெளிப் பக்கம் வயல். இரண்டு வருடம் மலத்தோடு இரத்தம் போனது, மூலம் என்று தானே முடிவுகட்டி யாரோ தந்த லேகியம் தின்றுகொண்டு திரிந்தார். நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன், எனக்குக்கூடச் சொல்லவில்லை. 2019இல் குடல் அடைத்துக் கொண்டுபோய் அறுத்தபோது இடப்பக்கக் குடலில் கட்டி, ஈரலிலும் மூன்று. செடுக்சிமாப் நல்ல மருந்தாம் என்று யாரோ அண்ணாவுக்குச் சொல்ல, மூன்று ஏக்கருக்கு விலைபேசி அச்சாரமும் வாங்கிவிட்டார்கள். கேராஸ் பார்க்காமல் ஒரு சதமும் செலவழிக்க விடமாட்டேன் என்று நான் நின்றேன், வீட்டில் எனக்குக் கல்நெஞ்சன் என்று பெயர். ரிப்போட் வந்தது: கேராஸ், 12ஆம் இடம், கிளைசீன் போய் அஸ்பார்ட்டிக் அமிலம். பெருங்குடலில் அதிகம் காண்கிற வகை அதுதான்.

நான் அவரிடம் வாங்கி, சுவிட்ச் என்று கையால் காட்டி விளங்கப்படுத்தினேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "அவன் கீழ ஆத்துக்குள்ள பம்பு போட்டு வாய்க்காலுக்கு இறைக்கான். நீ மேல துருசப் பூட்டி என்னத்துக்கு மனே?"

கட்டு உடையவில்லை, பம்பு ஓடுகிறது. சம்மாந்துறைக்காரருக்கு இது சரிதானா?

அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தோம். 2008இல் வெளியான ஆய்வு ஒன்று அப்போது எனக்குப் பெரிய துணை. வேறு மருந்தெல்லாம் முடிந்த நோயாளிகளில், விகாரம் இல்லாதவர்கள் செடுக்சிமாபோடு 9.5 மாதம், இல்லாமல் 4.8 மாதம் வாழ்ந்தார்கள். விகாரம் உள்ளவர்களுக்கு மருந்தால் ஒரு பலனும் இல்லை. ஒன்றுமில்லாத ஒன்றுக்கு வயல் போயிருக்கும்.

மெழுகுக்கட்டி | மார்ச் 9

"ஜீன் அதிகமாக வேலை செய்யுது என்றால் அந்தப் புரதம் கூடிப்போச்சா" என்று கேட்டவருக்கு: கேராஸில் அப்படியில்லை. அளவு கூடவேண்டிய தேவையே இல்லை, இருக்கிற ஒன்று ஓயாமல் வேலை செய்கிறது. ஒரு வீட்டில் பத்து மின்குமிழ் எரிவதும் ஒரே குமிழ் அணைக்காமல் மூன்று நாள் எரிவதும் பில்லில் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் பழுது வேறு.

அளவு கூடுகிற கதையும் உண்டு. ஹெர்2 என்ற மரபணு சிலரில் பல பிரதிகளாகப் பெருகிவிடும், பெருங்குடலில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரில். அதுவும் செடுக்சிமாபைத் தோற்கடிக்கும், வேறு வழியால். பழைய 5-எஃப்.யூ இருக்கிறதே, 1957 முதல் இருக்கிற மருந்து, இன்றும் பெருங்குடல் கீமோவின் முதுகெலும்பு, அது தைமிடிலேற் சிந்தேஸ் என்ற நொதியத்தைப் பிடித்து நிறுத்துகிறது. கட்டி அந்த நொதியத்தைக் கூடக் கூடச் செய்தால் மருந்தின் பிடி தளரும். பத்துப் பேரைப் பிடிக்கப் போன பொலிஸுக்கு முன்னால் ஐம்பது பேர் நின்றால் என்ன நடக்கும்?

மெழுகுக்கட்டி | மார்ச் 12

இரண்டு நாளாக ஒரு விஷயம் உறுத்துகிறது. முதல் ரிப்போட் பிழையே இல்லை என்று அடித்துச் சொன்னேன். கொஞ்சம் இறங்கி வருகிறேன்.

என் வேலை இது. அறுத்த துண்டு போமலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊறி, நீர் இறங்கி, மெழுகு ஏறி ஒரு சின்னப் பெட்டியளவு மெழுகுக்கட்டியாக வரும். அதை வெட்டினால் 4 மைக்குரோன் தடிப்பில் நாடா நாடாவாகச் சுருண்டு விழும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் மெல்ல விரியும், அந்த நேரம் பார்த்துக் கண்ணாடித் தட்டால் அள்ள வேண்டும். கேராஸ் பார்க்க என்றால் இன்னும் தடிப்பாக வெட்டிச் சுருளை அப்படியே குழாய்க்குள் போடுவோம். ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையில் அலகு மாற்றாவிட்டால் ஒருவர் கட்டி இன்னொருவர் ரிப்போட்டில் வந்துவிடும். கண்ணாடித் தட்டில் புற்று எங்கே இருக்கிறது என்று வைத்தியர் பேனையால் வட்டம் போட்டுத் தந்தால்தான் அந்த இடத்திலிருந்து எடுக்கலாம். வட்டத்துக்கு வெளியே கொழுப்பும் தசையும் நல்ல கலமும்தான். அதை அள்ளிக்கொண்டு போனால் விகாரம் இருந்தாலும் இல்லை என்றே வரும். பழைய முறைச் சோதனை நூற்றுக்குப் பதினைந்து இருபது பங்காவது விகாரம் இருந்தால்தான் கண்டுபிடிக்கும்.

பெரியப்பாவின் முதல் துண்டு நாசமாய்ப் போனது. அறுத்த இடத்தில் நீண்ட விடுமுறை வந்துவிட்டது, துண்டு ஒரு கிழமைக்கு மேல் போமலினில் கிடந்தது. மூன்று நாளைத் தாண்டினாலே டி.என்.ஏ நொறுங்கத் தொடங்கும். "டி.என்.ஏ போதாது, முடிவு சொல்ல இயலாது" என்று தாள் வந்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. எந்த இடம் என்று சொல்லமாட்டேன், அங்கேயும் என்னைப் போல ஒருவன் ஒற்றையாளாய் நின்றிருப்பான். மறுகா ஈரலில் ஊசி குத்தி எடுத்த துண்டில்தான் முடிவு வந்தது.

எனவே மாமா முழுக்கப் பிழை இல்லை. முதல் ரிப்போட் பிழைத்திருக்கவும் முடியும். ஆனால் ஏழு மாதம் ஈரல் பொட்டுகள் சுருங்கின என்கிறீர்கள், கட்டி முழுக்கக் கேராஸ் இருந்திருந்தால் அது நடந்திருக்காது... இல்லை, பொறுங்கள், கூடவே கீமோவும் ஏற்றினார்கள்தானே. கீமோ மட்டுமே சுருக்கியிருக்கலாம். சரி, அந்த வாதம் அவ்வளவு பலமில்லை. முதல் ரிப்போட்டில், எடுத்த துண்டில் புற்றுக் கலங்களின் பங்கு எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கும், பார்த்துச் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்றான் | மார்ச் 13

60 என்று இருக்கு.

மெழுகுக்கட்டி | மார்ச் 13

அப்படியென்றால் துண்டு நல்ல துண்டு. பழைய நிலைப்பாட்டுக்கே கிறுகிப் போகிறேன். காசு பிடுங்கவும் இல்லை, கண் தெரியாமலும் இல்லை. அன்றைக்கு அது கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கவில்லை.

மெழுகுக்கட்டி | மார்ச் 15

பிள்ளைகளுக்கும் இந்தக் கேராஸ் வருமா என்று கேட்ட அக்காவுக்கு: வராது. இது கட்டிக்குள் நடந்த பழுது, கருவில் வந்ததல்ல. ஆனால் பெற்றாருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ பெருங்குடல் புற்றுநோய் இருந்தால் நமக்கும் ஆபத்து கொஞ்சம் கூட, அது வேறு கணக்கு. அவருக்கு எத்தனை வயதில் பிடித்ததோ அதற்குப் பத்து வருடம் முன்பே, அல்லது நாற்பதில், எது முந்தியோ அப்போது குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். இரத்தம் போனால் வயது பார்க்க வேண்டாம். லேகியமும் வேண்டாம்.

மெழுகுக்கட்டி | மார்ச் 22

கேராஸையே நேரே அடைக்கிற மாத்திரை வந்துவிட்டதாமே, ஏன் சொல்லவில்லை என்று ஏறாவூர் நண்பர் கோபிக்கிறார். வந்திருக்கிறது, ஆனால் எல்லாக் கேராஸுக்கும் அல்ல. 12ஆம் இடத்தில் சிஸ்டீன் வந்து குந்திய வகைக்கு மட்டும், அது பெருங்குடலில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். பெரியப்பாவின் வகைக்கு அது பொருந்தாது. அக்கரைப்பற்றான், உம்மாவின் தாளில் எந்த வகை என்று பாருங்கள்.

இங்கே என் பழைய குறிப்பில் இன்னொரு திருத்தம். சுவிட்ச் அணையாது என்றேன். அணையவே அணையாது என்றால் இந்த மாத்திரை வேலை செய்யாது, ஏனென்றால் அது சுவிட்ச் அணைந்திருக்கும் கணத்தில்தான் போய்ப் பிடிக்கிறது. அந்தச் சிஸ்டீன் வகை எப்போதாவது அணைந்து மறுபடி எரிகிறது. அந்த இடைவெளியில் மாத்திரை உள்ளே நுழைந்து அப்படியே பூட்டிவிடும்.

சுவாரசியம் அடுத்ததில். சுவாசப்பைப் புற்றுநோயில் இந்த வகையில் முதல் மாத்திரையான சொட்டோராசிப் தனியாகவே ஓரளவு கேட்டது, 2021இல் அமெரிக்காவில் அனுமதியும் வாங்கியது. பெருங்குடலில் தனியாகக் கொடுத்தால் பத்தில் ஒருவருக்குக்கூடச் சரியாகச் சுருங்கவில்லை. அதே விகாரம், அதே மாத்திரை. காரணம், பெருங்குடல் கலம் கீழே அடைபட்டதை உணர்ந்ததும் மேலே ஈ.ஜி.எஃப்.ஆரை இன்னும் முடுக்கிவிடுகிறது. பம்பை நிறுத்தினால் வயலுக்குச் சொந்தக்காரரான போடியார் துருசைத் திறந்துவிடுகிறார். ஆகவே இரண்டையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். 2024 ஜூனில் அதே வகை மாத்திரையான அடக்ராசிபும் செடுக்சிமாபும் சேர்த்து, 2025 ஜனவரியில் சொட்டோராசிபும் பனிடுமுமாபும் சேர்த்து, பெருங்குடலுக்கு அங்கே அனுமதி கிடைத்தது. தனியாக ஒன்றுக்கும் உதவாது என்று நாம் ஒதுக்கிய செடுக்சிமாப் துணை ஆளாய்த் திரும்ப வந்திருக்கிறது பாருங்கள்.

இது முன்பே பீராஃப் என்ற இன்னொரு மரபணுவில் பார்த்த கூத்துத்தான். கேராஸுக்கு அடுத்த படியில் இருப்பது. அதை அடைக்கிற வெமுராஃபெனிப் தோல் புற்றான மெலனோமாவில் பாதிப் பேரளவில் கட்டியைச் சுருக்கியது, அதே பழுதுள்ள பெருங்குடலில் 21 பேரில் ஒருவருக்குத்தான். மெலனோமாக் கலத்தில் ஈ.ஜி.எஃப்.ஆர் பெரிதாக இல்லை, திறந்துவிடத் துருசே இல்லை. 2012இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள், எட்டு வருடம் கழித்து இரண்டு மருந்துச் சேர்க்கை அனுமதிக்கு வந்தது.

அக்கரைப்பற்றான் | மார்ச் 23

உம்மாவுடையது சிஸ்டீன் இல்லை. வாலீன் என்று போட்டிருக்கு. செடுக்சிமாபை நிறுத்திட்டாங்க, வேற கீமோ தொடங்குது.

மெழுகுக்கட்டி | ஏப்ரல் 2

பெருநாள் நல்லபடி போயிருக்கும் என்று நம்புகிறேன். உம்மா வட்டிலப்பம் சாப்பிட்டாவா?

கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. பெரியப்பாவுக்கு ஒக்சாலிபிளாட்டின் என்ற கீமோ ஏற்றின கிழமை, சட்டித் தயிர் கேட்டார். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தேன். சட்டியில் விரல் பட்டதும் உதறிவிட்டார், சட்டி விழுந்து உடைந்து தயிர் முற்றமெல்லாம். கண்ணாடித் தூளுக்குள் கையை விட்ட மாதிரி இருக்காம். அந்த மருந்தின் குணம் அது, குளிர் பட்டால் நரம்பு துடிக்கும், சில நாள் இருக்கும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், டி.என்.ஏ பற்றி அத்தனை வாசித்தவனுக்கு அது ஞாபகம் வரவில்லை. பெரியம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை, நல்ல எருமைத் தயிர் வீணாய்ப்போச்சே என்று. பெரியப்பா 2021 மாசியில் போய்விட்டார். முன்மாரி வெள்ளாமை வெட்டு முடிந்து நெல்லு வீட்டுக்கு வந்த கிழமை.

மெழுகுக்கட்டி | ஜூலை 19

அக்கரைப்பற்றான் உள்பெட்டியில் கேட்டது எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இங்கே. மருந்தை நிறுத்தினால் அந்தக் கேராஸ் கூட்டம் என்ன ஆகும்?

மெலியும். செடுக்சிமாப் இருக்கும்வரைதான் அவர்களுக்கு ராச்சியம். மருந்து போனதும் பழைய கலங்கள் மறுபடி நெருக்கும், இரத்தத்தில் கேராஸின் அளவு ஏறக்குறைய நான்கு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். இதை வைத்து இத்தாலியில் ஒரு சோதனை செய்தார்கள், 2022இல் வெளிவந்தது. இரத்தத்தில் விகாரம் இல்லாதவர்களை மட்டும் பொறுக்கி அதே வகை மருந்தை மறுபடி கொடுத்தார்கள். 27 பேரில் 8 பேருக்குக் கட்டி சுருங்கியது. பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன், ஆனால் எல்லாம் முடிந்தது என்று கைவிட்டவர்களில் எட்டுப் பேர்.

உங்கள் வைத்தியர் இரத்தத்தை மறுபடி பார்க்கச் சொன்னது அதற்குத்தான். எடுத்ததும் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் வைத்துக் கொழும்புக்கு அனுப்புங்கள்.

மெழுகுக்கட்டி | ஜூலை 20, அதிகாலை

ஐஸ் வேண்டாம்! வேண்டாம்! இரவு முழுக்க நித்திரை வரவில்லை, எழும்பி எழுதுகிறேன். லாப் தந்தது விசேட குழாய் என்று படம் அனுப்பியிருந்தீர்கள், நான் கவனிக்கவில்லை. அது அறை வெப்பத்தில் இருக்க வேண்டிய குழாய், பல நாள் தாங்கும். ஐஸ் போட்டால்தான் கெடும். கலம் உடைந்து உம்மாவின் சொந்த டி.என்.ஏ கொட்டி, கட்டியின் டி.என்.ஏ அதற்குள் அமிழ்ந்துவிடும். பழைய ஊதா மூடிக் குழாய்ப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

அக்கரைப்பற்றான் | ஜூலை 20

பெட்டியும் வாங்கி ஐஸும் உடைச்சு வச்சிட்டன் அண்ணன். நல்ல காலம் இரத்தம் இன்னும் எடுக்கல்ல. அந்த ஐஸைப் போட்டு வாப்பா சர்பத் கலக்கிட்டார்.

மெழுகுக்கட்டி | ஆகஸ்ட் 16

உம்மாவின் முடிவு வந்திருக்கிறது: கேராஸ் விகாரம் காணப்படவில்லை. மாமாவும் சாச்சாவும் திரும்பச் சண்டை என்று அக்கரைப்பற்றான் எழுதியிருக்கிறார், இப்போது மூன்றாவது தாளும் இருக்கிறதே.

தம்பி, அந்தச் சொல்லைக் கவனியுங்கள், "காணப்படவில்லை". இல்லை என்று எழுதவில்லை. முதல் தாளிலும் அப்படித்தான் எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள். நாங்கள் எல்லாரும் அதை "இல்லை" என்று வாசித்துவிட்டோம், நானும்தான், இந்த இழையின் தலைப்பிலும் அப்படித்தான் நிற்கிறது.

வைத்தியர் செப்டெம்பரில் ஸ்கேன் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றலாமா என்று முடிவெடுப்பாராம். ஏற்றினால் முகத்தில் மறுபடி பரு போடும், உம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.